அந்த டிக்கை எடுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் நெட் மெதுவாவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 'ஐபிவி6' என்ற ஒரே சொல்லைச் சுற்றி இருந்தன. நெட்டில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு, அதைக் கொடுக்கிற புது முறைதான் இது. கம்ப்யூட்டர் செட்டிங்கில் 'வெர்ஷன் 6' என்று இருக்கும். அதனால் பிரின்டர் கேள்விகளையும் ஆன்டிவைரஸ் கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் சில பக்கங்கள் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தன. சர்வீஸ் தம்பி வந்து நெட்வொர்க் செட்டிங்கில் 'வெர்ஷன் 6' என்ற வரியில் இருந்த டிக்கை எடுத்தார். சரியாகிவிட்டது. இப்போது புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். அதில் அந்த டிக் மறுபடியும் இருக்கிறது. தொந்தரவு தருகிற ஒன்றை நம்மைக் கேட்காமலே எதற்கு ஆன் செய்து அனுப்புகிறார்கள்? வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று விடக் கூடாதா?

பதில்: 'வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும்' என்று நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். அஞ்சு ரோடு பக்கத்தில் என் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. புதுக் கம்ப்யூட்டர் வந்தால் செய்ய வேண்டிய வேலைகள், பன்னிரண்டு வரி. நான்காவது வரி 'வெர்ஷன் 6 டிக் எடு'. என்னிடம் வேலை கற்ற பையன்கள் ஏன் என்று கேட்காமல் அதைச் செய்தார்கள். உங்கள் பட்டறைக்கு வந்த தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தவர் கடையிலும் அப்படி ஒரு தாள் இருந்திருக்கும். என் தாளை 2019-ல் கிழித்துப் போட்டேன். அந்த டிக் இருக்கட்டும், ஆன் செய்தே அனுப்புவதுதான் சரி என்று இன்று உறுதியாக நினைக்கிறேன். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த வரி என்னவென்று பார்ப்போம். நம் ஊர் வீட்டு வாசல்களில் 'ப.எண் 14, பு.எண் 31' என்று இரண்டு எண்ணும் எழுதியிருக்கும். தபால்காரர் எந்த எண்ணோடு வந்தாலும் வீடு கிடைத்துவிடும். கம்ப்யூட்டருக்கும் அதே கதைதான். பழைய எண் ஐபிவி4, 1981-ல் எழுதி முடித்த முறை. அதில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள். உலக மக்கள் தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது, ஒரு வீட்டிலேயே நாலு போன் இருக்கிறது. எண் எப்படிப் போதும்? 2011 பிப்ரவரியில் உலகப் பொது இருப்பு காலியானது. அதே ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு எண் பிரித்துக் கொடுக்கிற அமைப்பும் கடைசிக் கட்டைப் பிரித்துவிட்டது. இந்தத் தட்டுப்பாடு வரும் என்று தெரிந்துதான் 1995 டிசம்பரிலேயே புது எண் முறையான ஐபிவி6-ஐ எழுதி வைத்தார்கள். இதில் எண் தீர்ந்துபோகும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எழுதி வைத்தும் யாரும் தொடவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் ஐபிவி6 வேண்டுமானால் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளை அடிக்க வேண்டும். நீங்கள் கேட்கிற 'வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும்' அப்போது நடப்பில் இருந்த ஏற்பாடுதான். யார் போட்டுக்கொண்டார்கள்? கொலுசுப் பட்டறைக் கணக்கர் போட்டாரா, ஜவ்வரிசி வியாபாரி போட்டாரா? இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர் அது வேண்டும் என்று எப்படிக் கேட்பார்? போட்டுக்கொள்ள ஆளில்லாததால் வெப்சைட்காரர்கள் 'யார் வருகிறார்கள், எதற்குச் செலவு' என்றார்கள். நெட் கம்பெனிகள் 'போய்ச் சேர வெப்சைட்டே இல்லையே' என்றார்கள். இப்படியே பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா அதை ஆன் செய்தே அனுப்பியது. மேக், லினக்ஸ் பக்கம் அதற்கு முன்பே தயாராக இருந்தது. கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் புது எண்ணை வாசலில் எழுதிக்கொண்டு நின்ற பிறகுதான் கூகுள், ஃபேஸ்புக், யாகூ போன்றவர்கள் 2011 ஜூன் 8 அன்று ஒரு நாள் முழுக்கச் சோதனையாகத் திறந்து பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் உடையவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 6 முதல் நிரந்தரமாகத் திறந்துவிட்டார்கள். நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது போன்களுக்கு ஐபிவி6 கொடுத்தே தொடங்கியது. இன்று இந்தியா இதில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போன் பல வருடமாக இதில்தான் பேசிக்கொண்டிருக்கலாம். அதில் யாரும் வந்து டிக்கை எடுக்கவில்லை, உங்களுக்கும் ஒரு குறை தெரியவில்லை.

சரி, அப்படியானால் பட்டறையில் ஏன் சுற்றியது?

என் தாளில் நான்காவது வரி ஏறிய கதையைச் சொன்னால் புரியும். 2009 என்று நினைவு. ஒரு பிரவுசிங் சென்டரில் பன்னிரண்டு கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இருபது விநாடி வெள்ளைத் திரை, அதற்கப்புறம்தான் படம். ஒரு நாள் முழுக்கத் தேடினேன். கடைசியில் பார்த்தால், வாடிக்கையாளர் ஒருவர் கொண்டு வந்திருந்த லேப்டாப்பில் இன்டர்நெட் ஷேரிங் ஆன் ஆகியிருந்தது. அது '6டு4' என்ற தற்காலிக ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, 'புது எண் சாலைக்கு வழி நான்தான், என் பின்னால் வாருங்கள்' என்று அறை முழுக்க அறிவித்துக்கொண்டிருந்தது. மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் நம்பிப் போயின. அந்தப் பக்கம் சாலையே இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டுப் பழைய எண்ணுக்குத் திரும்பி வர இருபது விநாடி.

அன்று பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் டிக்கை எடுத்தேன், தாளிலும் எழுதினேன். அப்போது எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். ஆனால் தப்பு எங்கே இருந்தது என்று இப்போது தெரிகிறது. ஐபிவி6-ஐ ஆன் செய்ததில் தப்பில்லை. சாலை இல்லாத இடத்தில் தானாகவே மரப்பாலம் போட்டுக்கொள்ளும் 6டு4, டெரிடோ என்ற இரண்டையும் சேர்த்து ஆன் செய்ததுதான் தப்பு. பின்னால் அவை இரண்டையும் விண்டோஸிலேயே ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள். அந்த இருபது விநாடிக்கும் 2012-ல் ஒரு வழி எழுதினார்கள். 'ஹேப்பி ஐபால்ஸ்' என்று பெயர். பிரவுசர் புது எண்ணில் கூப்பிடும். கால் விநாடிக்குள் பதில் இல்லையென்றால் பழைய எண்ணிலும் கூப்பிடும். எது முதலில் எடுக்கிறதோ அதோடு பேசும். காத்திருக்கிற வேலையே இல்லை. புதியதை ஆன் செய்து கொடுப்பவன் இந்த ஒதுங்கும் பாங்கையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். விஸ்டாவில் முதலில் செய்யாமல் விட்டது இதைத்தான்.

இனி 2019. ஏற்காட்டில் ஒண்டிக்கடை தாண்டி நாகலூர் போகும் வழியில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ். ஜனவரி மாதம், பழம் பறிக்கிற நேரம், சனிக்கிழமை கூலி போட்டாக வேண்டும். வங்கிப் பக்கம் பாதியில் நிற்கிறது என்று கணக்குப்பிள்ளை காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், சுவரில் எழுதியிருந்த வைத்தியத்தைச் செய்தேன். டிக்கை எடுத்தவுடன் பக்கம் திறந்தது. கிளம்புகிறேன் என்று பையை எடுத்தேன்.

அவர் கேட்டார்: "அம்மா, இதுல சரி பண்ணிட்டீங்க. உள் ரூம்ல இருக்கற ரெண்டுல? முதலாளி போன்ல? அடுத்த மாசம் புதுசு வருதே, அதுக்கும் நீங்க மலையேறி வரணுமா?"

என்னிடம் பதில் இல்லை. பையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எடுத்த டிக்கை மறுபடியும் போட்டேன். வங்கிப் பக்கம் மறுபடியும் சுற்றியது. நெட்டில் தகவல் பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும். பதில் வருகிறதா என்று பார்க்கிற பிங் கட்டளையில் பொட்டலத்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனேன். 1444 வரை பதில் வருகிறது, 1445 என்றால் சத்தமே இல்லை. 1444-உடன் ஐபிவி6, பிங் இரண்டும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் தலைப்பு 48 பைட்டைக் கூட்டினால் 1492. நெட் கம்பெனி யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு லாகின் ஆகிற இணைப்பில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு அதுதான். சாதாரண லேன் கேபிளில் 1500 போகும்.

விஷயம் இதுதான். ஐபிவி4-ல் பெரிய பொட்டலம் வந்தால் நடுவழியில் இருக்கிற ரூட்டர் பிரித்துச் சின்னதாக்கி அனுப்பலாம், பாதி மலையில் லாரியை நிறுத்தி வேனுக்குச் சரக்கு மாற்றுவது போல. ஐபிவி6-ல் அது கிடையாது. 'வண்டி பெரியது, வளைவில் திரும்பாது' என்று ரூட்டர் அனுப்பியவருக்கே செய்தி சொல்லி அனுப்பும், அவர் அடிவாரத்திலேயே பிரித்து ஏற்ற வேண்டும். அந்தச் செய்தியை வழியில் ஏதாவது ஃபயர்வால், அதாவது நெட் வாசலில் நிற்கிற காவல்காரர், அடைத்துவிட்டால் லாரி எங்கே போனது என்றே தெரியாது. ஹேப்பி ஐபால்ஸாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. முதலில் போகிற வணக்கப் பொட்டலங்கள் எல்லாம் ஆட்டோ மாதிரி சின்னவை, ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும். சாலை நன்றாக இருக்கிறது என்று நம்பிய பிறகு பெரிய வண்டி வந்து சிக்கும்.

ரூட்டருக்குள் போய்ப் பார்த்தேன். ஐபிவி4 பக்கத்தில் அளவைக் குறைத்துச் சொல்கிற செட்டிங், எம்எஸ்எஸ் என்பார்கள், 1452 என்று ஒழுங்காகப் போட்டிருந்தது. ஐபிவி6 பக்கத்தில் அந்தக் கட்டம் காலி. இணைப்பு கொடுத்தவர் ஒன்றைச் செய்து இன்னொன்றை மறந்திருக்கிறார். 1432 என்று போட்டுச் சேமித்தேன். வங்கிப் பக்கம் திறந்தது, உள் ரூம் கம்ப்யூட்டர்களிலும் திறந்தது. கணக்குப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூலியை ஏற்ற ஆரம்பித்தார். வெளியே பனி இறங்கிவிட்டது, நான் மெதுவாக இறங்கி வந்தேன். அன்று இரவே தாளைக் கிழித்தேன்.

உங்கள் பட்டறைத் தொந்தரவும் பெரும்பாலும் இதே ரகமாக இருக்கும். ரூட்டர் ஒன்று, அதற்குக் கீழே கம்ப்யூட்டர்கள் பல. ஒவ்வொன்றிலும் டிக்கை எடுத்துக்கொண்டே போனால் ரூட்டரில் இருக்கிற குறை யாருக்கும் தெரியாமலே இருந்துவிடும், இணைப்பு கொடுத்தவருக்கும் புகார் போகாது. புதுக் கம்ப்யூட்டரில் டிக் இருக்கட்டும். பக்கம் நின்றால் நெட்காரரைக் கூப்பிட்டு 'ஐபிவி6 பக்கத்தில் எம்எஸ்எஸ் போட்டிருக்கிறீர்களா' என்று இதே வார்த்தையில் கேளுங்கள். அவர் வருவதற்குள் வேலை நடந்தாக வேண்டும் என்றால், டிக்கை எடுக்காமலே 'பழைய எண்ணை முதலில் பார்' என்று விண்டோஸுக்குச் சொல்ல வழி இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் 'டிசேபிள்டு காம்போனென்ட்ஸ்' என்ற இடத்தில் 32 என்று போட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், சர்வீஸ் தம்பிக்குத் தெரியும். மைக்ரோசாஃப்டும் டிக்கை எடுப்பதைவிட இதைத்தான் சொல்கிறது.

கேள்வி: வணக்கம் மேடம். கருப்பூரில் என்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்பவர்கள் புதிதாக வருகிற எல்லா புரோட்டோகாலையும், அதாவது கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்கிற முறைகளையும், ஆன் செய்தே கொடுக்கலாமா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றி வாக்குவாதமே நடந்தது.

பதில்: தம்பி, நீங்கள் பிறப்பதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2001-ல் நான் ஒரு கல்லூரி லேபில் உதவியாளராக இருந்தேன். லினக்ஸ் 2.4 புதிதாக வந்திருந்தது. அதில் ஈசிஎன் என்று ஒரு வசதி. பாதையில் நெரிசல் வந்தால் ரூட்டர் பொட்டலத்தைத் தூக்கி எறிவதற்குப் பதிலாக, 'கூட்டமாக இருக்கிறது, மெதுவாக அனுப்பு' என்று அதன் மேல் ஒரு குறி போட்டு அனுப்பும். அருமையான யோசனை. ஆனால் அந்தக் குறிக்காக ஒதுக்கிய இடம் அதுவரை காலியாக இருந்த இடம். அங்கே ஏதோ எழுதியிருப்பதைப் பார்த்த பழைய ஃபயர்வால்கள் மிரண்டுபோய் இணைப்பையே அறுத்தன. சில வெப்சைட்டுகள் எங்கள் லேபில் மட்டும் திறக்காது. ஆசிரியர் சொன்னபடி லினக்ஸ் செட்டிங்கில் 0 என்று எழுதி அந்த வசதியை நிறுத்தினேன். உலகம் முழுக்க என் மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள் 0 எழுதினார்கள். பிறகு லினக்ஸே 'எதிராளி கேட்டால் பேசுவேன், நானாகக் கேட்க மாட்டேன்' என்ற நிலைக்கு வந்தது. 2015-ல் ஆப்பிள் தன் கருவிகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஆன் செய்யத் தொடங்கிய பிறகுதான் மறுபடியும் உயிர் வந்தது. தப்பு செய்தது பழைய ஃபயர்வால், தண்டனை அனுபவித்தது புது வசதி. பதினான்கு வருடம் போய்விட்டது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

வெப்சைட்டோடு பேசுவதைப் பூட்டி அனுப்புகிற முறை டிஎல்எஸ். அதன் 1.3 பதிப்பை எழுதியவர்கள் இதிலிருந்து பாடம் படித்தார்கள் என்றே சொல்லலாம். சோதனை செய்து பார்த்தபோது ஃபயர்வால் போன்ற நடுவழிப் பெட்டிகள் இணைப்பை அறுத்தன. அதனால் வெளியே பார்த்தால் 1.2 மாதிரியே தெரியும்படி உடை மாற்றி, 2018-ல் வெளியிட்டார்கள். விண்டோஸ் 11-ல் அது ஆன் ஆகித்தான் வருகிறது. அதற்காக ஒருவராவது என் கடைக்கு வந்ததில்லை.

இப்போது உங்கள் 'எல்லா'வுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். வெப்சைட் பெயரைக் கொடுத்து எண்ணைக் கேட்கிற வேலை டிஎன்எஸ். அதை மூடிய உறையில் வைத்துக் கேட்கிற முறை 2018-ல் வந்தது. டிஓஎச் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 2020 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் அதை அமெரிக்காவில் ஆன் செய்தபோது, கேள்வி போய்ச் சேரும் இடத்தையும் கிளவுட்ஃபிளேர் என்ற கம்பெனிக்கு மாற்றியது. அறிவிப்பு காட்டினார்கள், நிறுத்தவும் வழி கொடுத்தார்கள், அதை மறைக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் குரோம் வேறு வழியில் போனது. நீங்கள் ஏற்கெனவே யாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களோ, அவரிடம் மூடிய உறை வசதி இருந்தால் மட்டும் உறைக்கு மாறும். ஆள் மாறாது.

எனக்கு குரோம் செய்ததுதான் சரியாகப் படுகிறது. கடிதத்துக்கு உறை போடுவதை என்னைக் கேட்காமல் செய்யலாம், சந்தோஷம். தபால்காரரையே மாற்றுவது என்றால் என்னைக் கேட்க வேண்டும். நான் யாரை நம்புகிறேன் என்பது என் வீட்டு விஷயம். ஐபிவி6 ஆன் ஆகி வருவதால் நம் நம்பிக்கை யாரிடமும் கைமாறுவதில்லை, அதே நெட் கம்பெனிதான், எண் மட்டும் புதிது. வகுப்பில் மறுபடியும் வாக்குவாதம் வந்தால் இந்த வித்தியாசத்தை முன்னால் வையுங்கள்.

கேள்வி: குகைப் பகுதியில் எங்கள் தறிக்கூடத்தில் கேமரா மாட்டியிருக்கிறோம். வீட்டிலிருந்து நேராகப் பார்க்க ரூட்டரில் போர்ட் திறந்தும் வேலை செய்யவில்லை. நெட்காரர் 'ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத சொந்த எண், வாங்குங்கள், தனிக் கட்டணம்' என்கிறார். உண்மையா?

பதில்: உண்மைதான் அண்ணா, அவர் உங்களை ஏமாற்றவில்லை. ரூட்டருக்குள் போய் 'வான்' என்ற பக்கத்தில் வெளி ஐபி என்னவென்று பாருங்கள். 100.64-லிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால், அது உங்களுக்கென்று உள்ள எண் கிடையாது. எண் தட்டுப்பாட்டால் நெட் கம்பெனிகள் ஒரே வெளி எண்ணைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அந்த வேலைக்கென்றே 2012-ல் ஒதுக்கிய எண் வரிசை அது. பெரிய லைன் வீட்டுக்குத் தெருவில் ஒரே வாசல், உள்ளே முப்பது குடும்பம். உள்ளேயிருந்து யாரும் வெளியே போகலாம். வெளியிலிருந்து வருகிறவர் எந்தக் குடும்பத்தைத் தேடி வந்தார் என்று வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. உங்கள் ரூட்டரில் எவ்வளவு போர்ட் திறந்தாலும் அது உங்கள் அறைக் கதவுதான், தெரு வாசல் நெட் கம்பெனி கையில் இருக்கிறது.

ஐபிவி6-ல் இந்தச் சிக்கல் கிடையாது. கேமராவுக்கே சொந்த எண் உண்டு. உங்கள் இணைப்பில் ஐபிவி6 வருகிறதா என்று நெட்காரரிடம் கேளுங்கள். வந்தால், கேமராவும் அதைப் பேசக் கூடியதென்றால், ரூட்டர் ஃபயர்வாலில் அந்த ஒரு எண்ணுக்கு ஒரு போர்ட் மட்டும் திறந்தால் போதும். இணைப்பு கொடுக்கிற எண் வரிசை அவ்வப்போது மாறலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். திறப்பதற்கு முன் கேமராவோடு வந்த பாஸ்வேர்டைக் கட்டாயம் மாற்றுங்கள். அதைச் செய்யாதவர் கேமராவைத் திறந்து வைக்கவே வேண்டாம்.

நம் ஊரில் சின்னத் தொழில் செய்பவர்கள் தங்கள் பொருளைத் தாங்களே பார்க்க மாத வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறதே என்பது எனக்கு உறுத்துகிறது. டிக்கை எடுக்காதீர்கள் என்று நான் இவ்வளவு தூரம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். போகிற இடத்திலெல்லாம் ஆஃப் செய்து வைத்தால், நெட் கம்பெனிக்கு ஒழுங்காகக் கொடுக்க வேண்டிய அவசியமே வராது.

கேள்வி: ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நேரடி எண் என்றால் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிட மாட்டார்களா? 2024-ல் ஐபிவி6 வழியாகவே விண்டோஸில் பெரிய ஓட்டை வந்ததே? – ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் வாசகி

பதில்: நல்ல கேள்வி அம்மா, பயம் நியாயமானது. வாசலில் எண் எழுதுவது வேறு, கதவைத் திறந்து வைப்பது வேறு. இன்றைய வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலானவை, உள்ளேயிருந்து கேட்காத எதையும் ஐபிவி6-லும் உள்ளே விடுவதில்லை. உங்கள் ரூட்டரில் 'ஐபிவி6 ஃபயர்வால்' என்ற வரி ஆன் ஆக இருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சில மலிவு ரூட்டர்களில் அது ஆஃப் ஆக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். வெளியே தெரிகிற எண்ணையும் விண்டோஸும் போன்களும் அவ்வப்போது தாமாகவே மாற்றிக்கொள்கின்றன. ஒருவரை எண் வைத்தே வருடக்கணக்கில் பின்தொடர முடியாதபடி செய்த ஏற்பாடு அது.

2024 ஆகஸ்ட் ஓட்டையை நான் சின்னதாகச் சொல்ல மாட்டேன். பத்துக்கு 9.8 என்று ஆபத்து மதிப்பிட்டார்கள். வெளியிலிருந்து பொட்டலம் அனுப்பியே கம்ப்யூட்டரைப் பிடிக்கக் கூடிய ரகம். ஐபிவி6 ஆஃப் செய்தவர்களுக்கு அந்த ஆபத்து இல்லை என்பதும் உண்மை. ஆன் செய்து கொடுப்பதற்கு எதிராகப் பேசுபவர்கள் கையில் இருக்கிற கனமான வாதம் இதுதான். ஆனால் ஓட்டை வெளியே தெரிந்த அன்றே, ஆகஸ்ட் 13-ல், அடைக்கிற அப்டேட்டும் வந்தது. மறுநாள் காலை பத்து மணி முதல் என் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு அப்டேட் போடச் சொன்னேன். 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வான்னகிரை வைரஸ் விண்டோஸின் பழைய ஃபைல் ஷேரிங் முறையில் இருந்த ஓட்டை வழியாக வந்தது. அதை அடைக்கிற அப்டேட் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. அதனால் டிக்கை எடுக்கச் செலவிடுகிற நேரத்தில் அப்டேட்டைப் போடுங்கள்.

இன்னொன்று. நெட் கம்பெனி ஐபிவி6 கொடுக்காத வீட்டிலும் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் அதில் பேசிக்கொள்கின்றன. 'எங்களிடம் அதெல்லாம் இல்லை' என்று நினைத்துப் பழைய எண்ணுக்கு மட்டும் ஃபயர்வால் விதி எழுதினால் கொல்லைப்புறம் திறந்தே கிடக்கும். உங்கள் விருந்தினர்களுக்குக் கொடுக்கிற வைஃபையை, நீங்கள் கணக்கு பார்க்கிற கம்ப்யூட்டரோடு சேர்க்காமல் 'கெஸ்ட்' என்று தனியாகப் பிரித்து வையுங்கள்.

கேள்வி: ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை. எடைமேடைக் கம்ப்யூட்டர் எக்ஸ்பி. புது விண்டோஸ் 11 அதிலிருக்கிற ஃபோல்டரைத் திறக்க மறுக்கிறது. முன்பு திறந்ததே?

பதில்: வான்னகிரை வந்த அந்தப் பழைய ஃபைல் ஷேரிங் முறையின் பெயர் எஸ்எம்பி 1. எக்ஸ்பிக்கு அது ஒன்றுதான் தெரியும். 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதைப் படிப்படியாக எடுத்துவிட்டு அனுப்புகிறார்கள். புதியதை ஆன் செய்வதைப் போலவே பழையதை ஆஃப் செய்து அனுப்புவதும் நல்ல முடிவுதான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதை மறுபடியும் ஆன் செய்யாதீர்கள். யாராவது செய்து தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். எடைச் சீட்டு விவரத்தைத் தினமும் பென் டிரைவில் எடுத்து வாருங்கள். எக்ஸ்பியிலிருந்து நெட் கேபிளைக் கழற்றி விடுங்கள். அடுத்த முறை எடைமேடை சர்வீஸுக்கு வரும்போது, புது விண்டோஸில் ஓடுகிற சாஃப்ட்வேர் கேளுங்கள்.

கேள்வி: என் போனில் ஐபிவி6 இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? – அஸ்தம்பட்டி வாசகி

பதில்: வைஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் இருங்கள். ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் 'அபௌட் போன்' போய், 'ஐபி அட்ரஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். சில போன்களில் அது 'ஸ்டேட்டஸ்' என்பதற்குள் இருக்கும். இரட்டைப் புள்ளிகளால் பிரித்த நீளமான வரி, 2 என்ற எண்ணில் தொடங்கினால் அதுதான். எஃப்இ80 என்று தொடங்குகிற வரியும் கூடவே இருக்கலாம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது பக்கத்துக் கருவியோடு மட்டும் பேசுவதற்கு. பிறகு வீட்டு வைஃபைக்கு மாறி அதே இடத்தை மறுபடியும் பாருங்கள். 2-ல் தொடங்குகிற வரி காணாமல் போயிருந்தால் உங்கள் நெட்காரர் இன்னும் கொடுக்கவில்லை என்று பொருள். அவருக்குப் போன் போட்டு எப்போது கொடுப்பார் என்று கேளுங்கள். என்ன பதில் சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.